முள்ளங்கிக் குழி

அன்று காலை துவான் கென்ஷுவெய் வீட்டுக் கொல்லையில், குழியைச் சுற்றி நின்றவர்கள்:

கென்ஷுவெய். வயது ஐம்பத்திரண்டு. அகழாய்வில் மண் பார்த்துச் சொல்லும் வேலை, இருபத்து நாலு வருடமாக. இடுப்பு வலி என்று மூன்று நாள் விடுப்பு எடுத்திருந்தார். குழிக்கு உள்ளே நின்றார்.

ஷியூயே, அவர் மனைவி. கையில் ஒரு முள்ளங்கி.

மியாவ், கென்ஷுவெய் மகனுக்குப் பேசியிருந்த பெண்ணின் அப்பா. சிமெண்ட் சாலை போடும் ஒப்பந்தக்காரர்.

கோங் அத்தை, கல்யாணத் தரகர்.

நிங் டீச்சர், அகழாய்வுத் தலைவர். படித்தவர் என்பதால் ஊருக்கு டீச்சர். இடுப்பு வலிக்கு ஒட்டும் பிளாஸ்திரி இரண்டு அட்டை வாங்கி வந்திருந்தார்.

நான். தோண்டி எடுத்த பொருட்களை வைக்கும் கிடங்குக்கு இரவுக் காவல். பல்கலைக்கழகத்தை இரண்டாம் வருடத்தில் விட்டு வந்தவன். அதனால் ஊரில் என் பெயர் காலேஜ்.

மூன்று வாத்துகளும் இருந்தன. அவற்றிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

எங்கள் ஊரில் வீடு கட்ட முடியாது. ஊருக்கு அடியில் இன்னொரு ஊர் இருக்கிறது. மூவாயிரத்து எழுநூறு வருடப் பழசு. அரண்மனை, வண்டித்தடம், வெண்கலம் உருக்கிய உலை எல்லாம் கோதுமை வயலுக்குக் கீழே கிடக்கின்றன. சீனம் என்பது இங்கேதான் ஆரம்பித்தது என்று நெடுஞ்சாலையில் பலகை வைத்திருக்கிறார்கள். பலகைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு மற்றது தெரியாது. இங்கே முழங்கை ஆழத்துக்கு மேல் தோண்டக் கூடாது. கிணறு வெட்டக் கூடாது. மாடி எழுப்பக் கூடாது. ஷியூயே சித்தி இதை ஒரே வரியில் சொல்வாள்.

"மூவாயிரத்து எழுநூறு வருஷமா இங்க மனுஷன் குடியிருக்கான்னு சொல்றாங்க. இன்னும் வீட்டுக்குள்ள ஒரு கக்கூஸ் வரல."

கக்கூஸ் கூடப் பரவாயில்லை. வீடு இல்லாத பையனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? சுற்று வட்டாரத்தில் எல்லா ஊரிலும் ஒரே பேச்சுதான்: இரண்டு மாடி, இல்லாவிட்டால் நகரத்தில் ஃப்ளாட். எங்கள் ஊரில் முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகாத ஆண்கள் ஏழு பேர். நான் அதில் ஒருவன். புகார் சொல்லவில்லை, எண்ணிக்கை சொல்கிறேன்.

கென்ஷுவெய்யின் மகன் லெய் எட்டாவது ஆளாகிவிடக் கூடாது என்பதுதான் அந்த வீட்டில் எல்லோருக்கும் கவலை. லெய் ஜெங்ஜோவில் ஃபோன் தொழிற்சாலையில் வேலை செய்தான். அதே வரிசையில், நாலு நாற்காலி தள்ளி, மியாவ் ஜிங். இரண்டு பேருக்கும் பிடித்துப்போயிற்று. பெண் வீட்டார் கேட்டது ஒன்றே ஒன்று. புது வருடத்துக்குள் வீட்டுச் சுவர் தரைக்கு மேலே தெரிய வேண்டும். தெரிந்தால் கல்யாணம். தெரியாவிட்டால் இல்லை.

கென்ஷுவெய் ஒரு திட்டம் போட்டார். அடுப்படி ஒழுகுகிறது, பழுது பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கினார். கொல்லையில் மக்காச்சோளத் தட்டையை ஆள் உயரத்துக்கு அடுக்கி மறைப்புக் கட்டினார். அதற்குப் பின்னால் அஸ்திவாரம். எழுந்து நிற்கிற சுவரை எவனும் இடிக்கச் சொல்ல மாட்டான், அபராதத்தோடு விட்டுவிடுவான் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. இதுவரை யாரும் எழுப்பிப் பார்த்ததில்லை.

தோண்டுவதற்கு முன்னால் மண் பார்த்தார். அந்தக் கருவி நீளக் கம்பு, நுனியில் பாதிக் குழாய் மாதிரி இரும்பு. குத்தி, திருகி, இழுத்தால் அடி மண் அப்படியே குச்சி மிட்டாய் மாதிரி வரும். அதை உடைத்து, கசக்கி, முகர்ந்து பார்த்து, கீழே கல்லறையா, குப்பைக்குழியா, கிணறா என்று சொல்லிவிடுவார். முனைவர் பட்டம் வாங்கியவர்கள் அவர் பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு நிற்பார்கள். சொந்தக் கொல்லையில் ஐந்து இடத்தில் குத்தினார். ஐந்திலும் கன்னி மண். மனிதன் கை படாத மண்.

"ஒண்ணும் இல்ல. நல்ல மண்ணு" என்று மனைவியிடம் சொன்னார். அன்று இரண்டு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிட்டார்.

மூன்றாம் நாள் காலை நான் வேலை முடிந்து அந்த வழியாக வந்தேன். தட்டைக்குப் பின்னால் புது மண் குவியல். எட்டிப் பார்த்தேன்.

அஸ்திவாரக் குழி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கோணல்மாணலாக இருக்கும், ஓரம் சரிந்திருக்கும், உள்ளே ஒரு பியர் பாட்டில் கிடக்கும். இது அப்படி இல்லை. நாலு மூலையும் நறுக்கென்று இருந்தன. பக்கங்களைக் கொத்துக்கரண்டியால் சீவி, தண்ணீர் தெளித்து வழவழப்பாக்கி, மண் நிறம் மாறுகிற இடத்தில் எல்லாம் கோடு கீறியிருந்தது. ஒவ்வொரு கோட்டுக்கும் கீழே ஆணியில் ஒரு காகிதத் துண்டு. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. தரையைப் பெருக்கியிருந்தார். உள்ளே இறங்க மண்ணிலேயே படி வெட்டியிருந்தார்.

"இது என்ன சித்தப்பா?"

"அஸ்திவாரம்."

"அஸ்திவாரத்துக்கு எதுக்கு நம்பர்?"

அவர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். யாரோ ராத்திரி வந்து எழுதிவிட்டுப் போனது போலப் பார்த்தார்.

"கை தானா செஞ்சிடுச்சுடா."

அப்புறம் தென்மேற்கு மூலையைக் காட்டினார். அங்கே மண் வேறு மாதிரி இருந்தது. அடுக்கு அடுக்காக, தோசையை ஒன்றன் மேல் ஒன்று வைத்தது போல. ஒவ்வொரு அடுக்கின் மேலும் கோழி முட்டை அளவில் வட்டக் குழிகள், நெருக்கமாக. இடித்த மண். பலகைக்கு நடுவில் நாலு விரல் உயரம் மண் கொட்டி, குச்சிகளைக் கட்டாகக் கட்டி அதனால் இடித்து, மறுபடி கொட்டி, மறுபடி இடித்து எழுப்பிய சுவர். வேறு யாராவது தோண்டியிருந்தால் மண் கொஞ்சம் கெட்டியாக இருக்கிறது என்று திட்டிவிட்டுக் கடப்பாரையால் உடைத்திருப்பார்கள். நானே உடைத்திருப்பேன்.

"அந்தப் பழைய ஊரோட சுவரா?" என்றேன்.

"வாயை மூடு. மத்தியானத்துக்குள்ள இந்த மூலையை மூடிடறேன். அந்தப் பக்கம் ரெண்டு அடி தள்ளிக் கட்டிக்கலாம். யார்கிட்டயும் சொல்லாத."

"நான் யார்கிட்ட சொல்லப் போறேன்? ராத்திரி முழுக்க உடைஞ்ச சட்டிங்ககிட்டதான் பேசறேன்."

அவர் மண்வெட்டியை எடுத்தார். எடுத்து, கீழே வைத்தார். கரண்டியை எடுத்து அந்த மூலையை இன்னும் கொஞ்சம் சீவினார். நேரத்தை வீணாக்கியது அதுதான்.

முதலில் வந்தவர்கள் கோங் அத்தையும் மியாவும். மியாவ் அந்தப் பக்கம் ஜல்லி ஏற்றப் போகிறவர். போகிற வழியில் அஸ்திவாரத்தைக் காட்டிவிடலாம் என்று அத்தை அழைத்து வந்துவிட்டாள். கல்யாணம் முடிந்தால் தரகருக்குப் பெரிய கெண்டை மீன் கொடுப்பது வழக்கம். அத்தை அந்த மீனைப் போன மாதமே மனதில் பொரித்துவிட்டாள்.

மியாவ் குழியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"யாரு மேஸ்திரி?"

"நான்தான்" என்றார் கென்ஷுவெய், குழியிலிருந்து.

"நூல் புடிச்ச மாதிரி இருக்கே! என்கிட்ட முப்பது ஆள் வேலை செய்றான். ஒருத்தனுக்கு இந்தக் கை வராது."

அத்தை முகம் மலர்ந்தது. "நான் சொல்லல சம்பந்தி? இது சுத்தமான குடும்பம். குழியையே பெருக்கி வெச்சிருக்காங்க பாருங்க!"

"இந்தக் காகிதம் எல்லாம் என்ன?"

"அது சிமெண்ட்டு" என்றாள் ஷியூயே சித்தி, வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்து. "எவ்வளவு சிமெண்ட்டு ஊத்தணும்னு குறிச்சு வெச்சிருக்கார்."

"நாலு அளவா?"

"நாலு மூலை இல்லையா."

மியாவ் தலையசைத்தார். நான் வாத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது வாசல் பக்கம் குரல் கேட்டது.

"கென்ஷுவெய் அண்ணே! இடுப்பு எப்படி இருக்கு?"

நிங் டீச்சர். மூன்று நாளாக ஆளைக் காணோமே என்று மருந்து வாங்கி வந்திருக்கிறார். நல்ல மனது. நல்ல மனதுக்காரர்கள் எப்போதும் தப்பான நேரத்தில்தான் வருவார்கள். சித்தி பாய்ந்து முள்ளங்கிக் குவியலிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு தட்டைக்கு முன்னால் போய் நின்றாள். டீச்சர் அவள் தோளுக்கு மேலாகப் பார்த்துவிட்டார்.

"முள்ளங்கி புதைக்கக் குழி வெட்டறார் டீச்சர். பனிக்காலம் வருதில்ல."

"முள்ளங்கியா?" என்றார் மியாவ். "அஸ்திவாரம்னு சொன்னீங்க?"

"முள்ளங்கிக்கும் அஸ்திவாரம் வேணும் அண்ணே."

டீச்சர் குழி ஓரத்தில் குந்தி உட்கார்ந்தார். காகிதத் துண்டுகளை ஒவ்வொன்றாக வாசித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"முள்ளங்கிக்கு அடுக்கு எண் எதுக்கு அக்கா?"

"அழுகாம இருக்க."

டீச்சர் படியில் இறங்கினார். படி சரியான உயரத்தில் இருந்தது. அவர் வெட்டக் கற்றுக்கொடுத்த படிதான். மூலையில் இருந்த வட்டக் குழி ஒன்றில் விரலை வைத்து எடுத்தார். கீழே ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. உள்ளே ஒரு சட்டியின் விளிம்புத் துண்டு, கழுவி, காய வைத்து, சீட்டோடு. சீட்டை எடுத்து வாசித்தார்.

"‘துவான் கென்ஷுவெய் வீட்டுக் கொல்லை. குழி ஒன்று. அடுக்கு நாலு. இடித்த மண்ணுக்குள்ளிருந்து.’ உங்க வீட்டையே பதிவு பண்ணிட்டீங்களா அண்ணே?"

கென்ஷுவெய் கரண்டியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். சீட்டில் தேதி கூடப் போட்டிருந்தார்.

"முதல்ல துளை போட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேன். அஞ்சு துளை. அஞ்சும் கன்னி மண்ணு."

"எவ்வளவு இடைவெளியில?"

"நாலு மீட்டர்."

"அடுத்தவன் வயல்ல மீட்டருக்கு ஒரு துளை போடுவீங்க."

"ஆமா."

 டீச்சர் என் பக்கம் திரும்பினார். "காலேஜ், உனக்குத் தெரியுமா?"

"ஒரு மணி நேரமா தெரியும்."

ஷியூயே சித்தி முள்ளங்கியைக் கீழே போட்டாள். அவளுக்கு மூளை வேகமாக ஓடும். ஊரில் அவளோடு சீட்டாட யாரும் உட்கார மாட்டார்கள்.

"டீச்சர், நீங்க நெனைக்கற மாதிரி எல்லாம் இல்ல. இது கம்யூன் காலத்துச் சுவர். இவங்க அப்பா மண்ணு இடிச்சுக் கட்டினது. இங்கதான் தானியக் களஞ்சியம் இருந்துச்சு. ஊருக்கே தெரியும். அத்தை, நீங்க சொல்லுங்க!"

"ஆமாமா" என்றாள் கோங் அத்தை உடனே. "நானே மண்ணு சுமந்தேன். தோள் இன்னும் வலிக்குது."

"நீங்க இந்த ஊருக்கு வாழ வந்ததே களஞ்சியத்தை இடிச்சுத் தள்ளினப்புறம்தானே அத்தை?" என்றேன்.

"நீ வாயை மூடுடா காலேஜ். முன்னாடியே வந்து சுமந்துட்டுப் போனேன்."

களஞ்சியம் இருந்தது உண்மை. கென்ஷுவெய்யின் அப்பா மண் இடித்துக் கட்டியதும் உண்மை. எங்கள் ஊரில் போன தலைமுறை வரைக்கும் சுவர் என்றால் இடித்த மண்தான். மூவாயிரத்து எழுநூறு வருடமும் ஒரே வேலை. அதனால் சித்தி சொன்னது பொய்தான் என்றாலும் ஆகாத பொய் இல்லை. கம்யூன் காலம் என்றால் வயலெல்லாம் ஊருக்குப் பொதுவாக இருந்த காலம், ஐம்பது அறுபது வருடம்தான் ஆகிறது. அந்தக் காலத்துச் சுவருக்குச் சட்டம் இல்லை. உடைக்கலாம், மேலே கட்டலாம், பன்றி வளர்க்கலாம்.

டீச்சர் குழியிலிருந்து மேலே ஏறி வந்தார். முழங்கால் மண்ணைத் தட்டினார். வானம் சுத்தமாக, வெயில் பளீரென்று இருந்தது.

"வெளிச்சம் சரியில்ல" என்றார். "நான் சரியாப் பாக்கல. மண்ணு பாக்கறவர் நீங்க. நீங்க சொல்றதைத்தான் எழுதுவேன். கம்யூன் காலமா, பழசா?"

அவர் முகத்தைப் பார்த்தேன். இருபது வருடமாக இங்கே தோண்டுகிறவர், அதில் எட்டு வருடமாக இந்தச் சுவரைத் தேடுகிறவர். அரண்மனைகளைச் சுற்றி ஒரு மதில் இருந்தது. வடக்குப் பக்கமும் கிழக்குப் பக்கமும் கிடைத்துவிட்டன. மேற்கு கிடைக்கவில்லை. மேற்கு கிடைக்காமல் அந்த முதல் ஊர் எவ்வளவு பெரியது என்று யாராலும் சொல்ல முடியாது. அவருக்கு இது என்ன என்று தெரியும். தெரிந்துதான் கேட்டார். லெய் சின்ன வயதில் அகழாய்வுக் கூடாரத்தில் அவர் மடியில் தூங்கியிருக்கிறான்.

எல்லோரும் கென்ஷுவெய்யைப் பார்த்தோம். ஒரு வார்த்தை போதும். கம்யூன். சொல்லிவிட்டு மண்ணைத் தள்ளி மூடினால் வீடு வந்துவிடும், மருமகள் வந்துவிடுவாள், கக்கூஸ் கூட வந்துவிடும். நானாக இருந்தால் யோசிக்கவே மாட்டேன்.

அவர் தொண்டையைக் கனைத்தார்.

"கம்யூன்ல இடிச்சது கல்லால. கயிறு கட்டி நாலு பேர் தூக்கிப் போடற கல்லு. அடையாளம் அகலமா இருக்கும்."

"லெய் அப்பா" என்றாள் சித்தி.

"இது குச்சிக்கட்டு. பாருங்க, ஒவ்வொண்ணும் இத்தனூண்டு."

"லெய் அப்பா!"

"உள்ள இருந்த சட்டி விளிம்பு ரெண்டாம் காலம். அதுல சந்தேகமே இல்ல." ரெண்டாம் காலம் என்றால் எங்கள் வேலையில் அரண்மனை எழுந்த காலம். அவர் இப்போது யாரையும் பார்க்கவில்லை. கரண்டி நுனியால் மூலையைத் தொட்டார். "டீச்சர், இங்க வாங்க. இங்க திரும்புது பாருங்க. மேற்குச் சுவர் இதுதான். நாம எட்டு வருஷமா முப்பது மீட்டர் தள்ளித் தேடிட்டிருந்தோம்!"

சொல்லும்போது சிரித்தார். உண்மையைச் சொன்னதைக் கூடச் சித்தி மன்னித்திருப்பாள் என்று நினைக்கிறேன். சிரித்திருக்கக் கூடாது.

 மியாவ்தான் முதலில் பேசினார்.

"எத்தனை வருஷம்?"

"மூவாயிரத்து எழுநூறு" என்றார் டீச்சர்.

மியாவ் குழியில் இறங்கினார். செருப்புக் குதிகாலால் அந்த மண்ணை ஓங்கி மிதித்தார். மண் அசையவில்லை. குனிந்து நகத்தால் கீறிப் பார்த்தார்.

"சிமெண்ட் இல்லாமயா?"

"மண்ணும் குச்சியும்தான்."

"நான் போட்ட ரோடு மூணு மழை தாங்கல." மேலே ஏறி வந்து சிகரெட் எடுத்தார். முதல் சிகரெட்டைக் கென்ஷுவெய்யிடம் நீட்டி, அவரே பற்றவைத்தார். பெண்ணைப் பெற்றவர் அப்படிச் செய்தால் அது சாதாரண மரியாதை இல்லை. "நல்ல சுவர் அண்ணே. நீங்களும் நல்ல ஆள். ஆனா என் பொண்ணு அதுல குடியிருக்க முடியாது."

போய்விட்டார். ஜல்லி லாரி கிளம்பும் சத்தம் கேட்டது. கோங் அத்தை தன் துண்டை உதறித் தோளில் போட்டாள்.

"இத்தனை வயசாச்சு, உனக்கு ஒரு பொய் சொல்ல வராதா கென்ஷுவெய்? எனக்கு வருதே! டீச்சருக்குக் கூட வந்துச்சே!"

நிங் டீச்சர் பிளாஸ்திரி அட்டைகளைத் திண்டு மேல் வைத்துவிட்டு, கைப்பேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். யாருக்கோ பேசினார். அவர் குரல் நடுங்கியது. அது வருத்தத்தால் மட்டும் இல்லை.

அன்று சாயங்காலம் லெய் கூப்பிட்டான். சித்தி ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மேசை மேல் வைத்தாள், எல்லோரும் கேட்கட்டும் என்று.

"ஒரு வார்த்தைப்பா. ஒரே ஒரு வார்த்தை மாத்திச் சொல்லியிருக்கலாம்."

"மண்ணு அப்படி இல்லடா."

"மண்ணுக்கு என்னப்பா தெரியும்?"

கென்ஷுவெய் யோசித்தார். கேள்விக்கு நிஜமாகவே பதில் தேடினார் என்று நினைக்கிறேன். அதற்குள் லெய் வைத்துவிட்டான். புது வருடத்துக்கு அவன் ஊருக்கு வரவில்லை. மியாவ் ஜிங் வேறு வரிசைக்கு மாறிப் போய்விட்டாளாம். இப்போது அவனுக்கு நாலு நாற்காலி தள்ளி ஒரு இயந்திரம் இருக்கிறது.

டீச்சர் தன்னால் முடிந்ததைச் செய்தார். இந்தக் குடும்பத்துக்கு ஊருக்கு வெளியே மாற்று மனை கொடுக்க வேண்டும் என்று எழுதினார். அந்தக் காகிதம் மாவட்டத்துக்குப் போனது. மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டது. டீச்சர் இரண்டு தடவை பேருந்து பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். மூன்றாம் தடவை அதைச் சொல்லவும் ஆள் இல்லை.

வசந்தத்தில் முன்னோர் கல்லறையைச் சுத்தம் செய்கிற திருநாள் முடிந்து, கோதுமை முழங்கால் உயரம் வந்ததும் கொல்லையை அகழாய்வுக்குக் குத்தகை எடுத்து, சுற்றி நீலத் தகர வேலி அடித்தார்கள். மக்காச்சோளத் தட்டையை அகற்றினார்கள். வாத்துகளை விற்றாயிற்று. சுவரைத் திறக்கும் வேலைக்கு யாரைப் போடுவது என்று பேச்சே எழவில்லை. அந்த மண்ணை அவரை விட்டால் யார் தொடுவது? தன் சொந்தக் கொல்லையில், நாள் சம்பளத்துக்கு, கென்ஷுவெய்.

இத்தனை மாதத்தில் சித்தி அவரிடம் பேசியது மொத்தம் இருபது வாக்கியம் இருக்கும். சமைத்தாள், துவைத்தாள், கிண்ணத்தை மேசையில் டொக்கென்று வைத்தாள். அவர் அதைச் சாப்பிட்டார்.

வேலை தொடங்கிய முதல் நாள் காலை, நான் காவல் முடித்து அவர்கள் அடுப்படியில் உட்கார்ந்து மிளகு சூப் குடித்துக்கொண்டிருந்தேன். அவர் தொப்பி போட்டுக்கொண்டார். கரண்டி, பிரஷ், ஆணிப்பொட்டலம், காகிதச் சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரு வாளியில் போட்டார். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ளப் பார்த்தார். முடியவில்லை. மனுஷன் சந்தோஷமாக இருந்தார், என்ன செய்வது?

அடுப்படியின் பின்கதவைத் திறந்தால் மூன்றடியில் குழி. அவர் திறந்தார்.

"மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துடறேன்" என்றார், வாளியைப் பார்த்துக்கொண்டு.

"எதுக்கு?" என்றாள் சித்தி. "அங்கயே அரண்மனை இருக்குல்ல? அங்கயே போடச் சொல்லுங்க."

"நூடுல்ஸ் செஞ்சா…"

"ராணி செய்வா."

அவர் வாளியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.  வெளியிலிருந்து டீச்சர் கூப்பிட்டார், "அண்ணே, தார்ப்பாயைத் தூக்கலாமா?" அவர் சட்டென்று திரும்பி இறங்கிப் போனார். வயதுக்கு மீறிய வேகம்.

சித்தி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைத் தள்ளினாள். அலமாரியிலிருந்து பூட்டை எடுத்து மாட்டி, சாவியை இரண்டு சுற்று திருகினாள்.